இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசியில் கம்யூனிகேஷன் எரர்: போர்டு போச்சா, வயர் போச்சா, எப்படிக் கண்டுபிடிப்பது?

மாடிவீடு_திருச்சி (கேள்வி)

வணக்கம். வீட்டில் 1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி. இண்டோர் முதல் மாடி அறையில், அவுட்டோர் மொட்டை மாடியில். இரண்டுக்கும் நடுவே கேபிள் ஏறக்குறைய 9 மீட்டர். காப்பர் பைப்போடு சேர்த்து வெள்ளை டேப் சுற்றி வெளிச்சுவரில் ஏற்றியிருக்கிறார்கள்.

பிரச்சினை இதுதான். மழை பெய்தால் அன்றோ மறுநாளோ டிஸ்ப்ளேயில் ஈ1 வருகிறது. மேனுவலில் அதற்கு இண்டோர் அவுட்டோர் கம்யூனிகேஷன் எரர் என்று போட்டிருக்கிறது. இண்டோர் ஃபேன் ஓடும், குளிர் வராது. எம்சிபியை இறக்கி ஏற்றினால் சில சமயம் சரியாகி ஒரு மணி நேரம் ஓடும், பிறகு மறுபடியும் ஈ1. நல்ல வெயில் நாளில் ஒரு தொந்தரவும் இல்லாமல் இரவு முழுக்க ஓடுகிறது.

பார்க்க வந்தவர் டெஸ்டர் வைத்துப் பார்த்து, "எல்லா வயர்லயும் கரண்ட் இருக்கு, ரெண்டு போர்டையும் மாத்தணும்" என்கிறார். இண்டோர், அவுட்டோர் இரண்டிலும் உள்ள சர்க்யூட் போர்டைத்தான் சொல்கிறார். வாரண்டி முடிந்துவிட்டது. போர்டுக்குப் பணம் கட்டும் முன் கோளாறு எங்கே என்று உறுதிசெய்ய வழி உண்டா? மல்டிமீட்டர் இருக்கிறது, ஓரளவு பயன்படுத்தத் தெரியும்.

---

மெக்கானிக்_நெல்லை

சார், போர்டுக்கு இப்போதைக்குக் காசு கொடுக்காதீங்க. மழைக்கு அப்புறம் வருது, காய்ஞ்சா போயிடுது, 9 மீட்டர் ஓட்டம். மூணும் சேர்ந்தா முதல் சந்தேகம் கேபிள் மேலதான். ரெண்டு போர்டும் ஒரே நேரத்துல போறது, இடி விழுந்தாலோ 415 வோல்ட் உள்ள வந்தாலோ ஒழிய, ரொம்ப அபூர்வம். ரெண்டையும் மாத்தச் சொன்னா எது கெட்டுப்போச்சுன்னு யாரும் அளந்து பார்க்கலைன்னு அர்த்தம்.

இண்டோர்ல இருந்து அவுட்டோருக்கு நாலு வயர் போகும்: பேஸ், நியூட்ரல், எர்த், சிக்னல். டெர்மினல்ல எல் (பேஸ்), என் (நியூட்ரல்), எஸ் (சிக்னல்)னு எழுதியிருக்கும், சில கம்பெனியில 1, 2, 3. ரூம் எவ்வளவு சூடு, எவ்வளவு குளிர் வேணும்னு இண்டோர் சொல்லும். கம்ப்ரசர் என்ன வேகத்துல ஓடுது, டிஸ்சார்ஜ் பைப் எவ்வளவு சூடுன்னு அவுட்டோர் பதில் சொல்லும். பதில் வராம போனா இந்த எரர். ஆக, அவுட்டோருக்குக் கரண்டே போகலைன்னாலும் இதே எரர்தான் வரும், அவுட்டோர் ஃபியூஸ் போனாலும் இதே எரர்தான். எரர் பேரைப் பார்த்து போர்டு போச்சுன்னு முடிவு கட்டக்கூடாது.

எரர் எப்ப வருதுன்னு கவனிச்சாலே பாதி தெரிஞ்சிடும். ஆன் பண்ணி அவுட்டோர் ஃபேன் கூட அசையாம ரெண்டு மூணு நிமிஷத்துல வந்தா, அவுட்டோருக்கு சப்ளை போகலை, இல்ல அவுட்டோர் போர்டு எழும்பலை. கம்ப்ரசர் ஓட ஆரம்பிச்சு வேகம் ஏறுற நேரத்துல வந்தா, நியூட்ரலோ பேஸோ எங்கேயோ லூஸ்: லோடு ஏறினதும் வோல்டேஜ் சரிஞ்சு அவுட்டோர் போர்டு ரீசெட் ஆகுது. நேரங்காலம் இல்லாம, மழையிலயும் பனியிலயும் வந்தா ஈரம் ஏறின ஜாயின்ட். உங்களுது இந்த மூணாவது.

ஏசியோட வர்ற பைப் கிட் பெரும்பாலும் 3 மீட்டர்தான். மொட்டை மாடி வரைக்கும் ஏத்தும்போது பைப்பை நீட்டுவாங்க, கேபிளையும் நடுவுல வெட்டி நீட்டுவாங்க. ரெண்டு முனையை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தி, அதுக்கு மேல பைப் டேப்பைச் சுத்தினா வெளிய தெரியாது. வெயில்ல டேப் பசை உருகி விலகிடும், மழைத்தண்ணி பைப் ஓரமாவே வழிஞ்சு ஜாயின்டுக்குள்ள போகும். சுவரைத் துளைச்சு வெளிய வர்ற இடத்துக்கு ஒரு முழம் மேலயும் கீழயும், அப்புறம் மாடி கைப்பிடிச் சுவர் வளைவுல, டேப்பைத் தடவிப் பாருங்க. விரல் கனத்துக்குப் புடைப்பு இருந்தா அங்க ஜாயின்ட் இருக்கு.

இப்ப அளக்குற விதம். எம்சிபியை இறக்கி 10 நிமிஷம் விடுங்க. அவுட்டோர்ல பக்கவாட்டு டெர்மினல் மூடியை மட்டும் கழட்டுங்க, மேல் மூடி வேண்டாம். நிறத்தையும் இடத்தையும் போட்டோ எடுத்துட்டு, நாலு வயரையும் ரெண்டு பக்கமும் டெர்மினல்ல இருந்து கழட்டுங்க. இண்டோர் முனையில எஸ்ஸையும் என்னையும் சேர்த்து முறுக்கிட்டு, அவுட்டோர் முனையில ஓம்ஸ் பாருங்க. 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் மீட்டருக்கு 0.012 ஓம்ஸ். போக வர 18 மீட்டருக்கு 0.22 ஓம்ஸ்தான் வரணும். மீட்டர் முனை ரெண்டையும் ஒட்ட வெச்சா என்ன காட்டுதோ அதைக் கழிச்சுக்கோங்க. 1 ஓம்ஸுக்குள்ள நிலையா நின்னா சரி. அஞ்சு, ஐம்பதுன்னு ஆடினா ஜாயின்ட் பச்சை பிடிச்சிருக்கு. காட்டும்போதே ஒருத்தரை விட்டு கேபிளை அங்கங்கே மெதுவா அசைக்கச் சொல்லுங்க. எந்த இடத்துல அசைச்சா நம்பர் துள்ளுதோ அதுதான் இடம்.

அப்புறம் முறுக்கைப் பிரிச்சுட்டு எஸ்ஸுக்கும் என்னுக்கும், எஸ்ஸுக்கும் எர்த்துக்கும், எஸ்ஸுக்கும் எல்லுக்கும் நடுவுல பாருங்க. மீட்டர்ல ஓப்பன்னு, அதாவது தொடர்பே இல்லைன்னு வரணும். மெக்கர் (இன்சுலேஷனை அளக்கிற மீட்டர்) வெச்சிருக்கிற எலக்ட்ரீஷியன் இருந்தா 500 வோல்ட்ல பார்க்கச் சொல்லுங்க, 1 மெகா ஓம்ஸுக்குக் கீழ வந்தா கேபிளை மாத்திடணும். போர்டோட சேர்த்து மெக்கர் போடவே கூடாது, போர்டு செத்துடும். வெயில் நாள்ல அளந்தா எல்லாம் நல்லாத்தான் காட்டும். மழை விட்ட உடனே அளங்க.

---

ஆப்டோகப்ளர்

மேலே சொன்னதோடு, டெஸ்டர் சோதனை ஏன் இதில் செல்லாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். பல வீடுகளில் நல்ல போர்டு குப்பைக்குப் போவதற்கு இந்த டெஸ்டர் ஒரு காரணம்.

பெரும்பாலான இன்வெர்ட்டர் ஸ்பிளிட்களில் சிக்னல் சர்க்யூட் வீட்டு மின்சாரத்திலிருந்து பிரிக்கப்பட்டதல்ல. பேஸிலிருந்து ஒரு டையோடும் கனமான ரெசிஸ்டரும் வழியாக எடுத்து, வோல்ட்டை ஒரு அளவில் பிடித்துவைக்கும் ஜீனர் டையோடால் 24 வோல்ட் டிசி அளவில் நிறுத்துகிறார்கள். கிரீ கம்பெனி வகை போர்டுகளில் 56 வோல்ட். அது எஸ் வயர் வழியாகப் போய் நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. இரண்டு போர்டிலும் அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று என ஆப்டோ கப்ளர்கள் (ஒளி வழியாகச் செய்தி கடத்தும் சிறு பாகங்கள்) அதே வளையத்தில் தொடராக நிற்கின்றன. ஆக, எஸ்ஸில் டெஸ்டர் எரிவதில் வியப்பில்லை. எரிந்தாலும் எரியாவிட்டாலும் அது தகவல் போகிறதா என்பதைச் சொல்லாது. எஸ் வயரை வெறும் கையால் தொடவும் கூடாது, ஷாக் அடிக்கும்.

அந்த வளையத்தில் ஓடுவது சில மில்லி ஆம்பியர் மட்டுமே. அதை விட்டுவிட்டுத் தடுப்பதுதான் செய்தி. எஸ்ஸின் ஜாயின்டும் நியூட்ரலின் ஜாயின்டும் அருகருகே இருந்து ஈரமானால் நடுவே ஒரு கசிவுப் பாதை உண்டாகிறது. எதிர்முனை மின்னோட்டத்தை நிறுத்தினாலும் கசிவு வழியாக ஓடிக்கொண்டே இருக்கும், வாங்கும் ஆப்டோவுக்கு நிறுத்தம் தெரியாது. ஐந்தாறு ஆம்பியர் எடுக்கும் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் அதே ஈரம் ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் "கரண்ட் எல்லாம் சரியா இருக்கு, எரர் மட்டும் வருது" என்ற நிலை.

ஓடும்போது அளக்க வேண்டுமென்றால் மீட்டரை டிசி 200 வோல்ட்டில் வைத்து, ஒரு முனை என்னில், மறுமுனை எஸ்ஸில். மீட்டரை ஏசி (மாறுமின்) வோல்ட்டில் வைக்காதீர்கள்: அறுந்துபோன எஸ் வயரில்கூடப் பக்கத்து பேஸ் வயரின் தூண்டலால் 60, 80 வோல்ட் என்று பொய்யாகக் காட்டும். ரிமோட்டில் கூல் 18 வைத்து இரண்டு நிமிடம் பாருங்கள். எண் நிற்காமல் ஏறி இறங்கினால் பேச்சு நடக்கிறது, அல்லது ஒரு பக்கமாவது பேசுகிறது. ஒரே எண்ணில் அசையாமல் நின்றால் வளையத்துக்குச் சப்ளை இருக்கிறது, ஆனால் யாரும் பேசவில்லை. பூஜ்யத்திலேயே கிடந்தால் சப்ளை தரும் போர்டு செத்திருக்கலாம், எஸ்ஸும் நியூட்ரலும் ஷார்ட் ஆகியிருக்கலாம்.

இந்த எண்களை நெட்டில் யாரோ போட்ட எண்ணோடு ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டாம். வளையத்துக்குச் சப்ளை தருவது சில மாடலில் இண்டோர், சிலவற்றில் அவுட்டோர். எந்த மாடலுக்கும் செல்லும் சோதனை ஒன்றுதான்: அதே நேரத்தில் இண்டோர் டெர்மினலிலும் அவுட்டோர் டெர்மினலிலும் எஸ்ஸுக்கும் என்னுக்கும் இடையே அளங்கள். கேபிள் நன்றாக இருந்தால் இரு முனையிலும் ஒரே போக்கு. ஒரு முனையில் 24 அசையாமல் நின்று மறுமுனையில் பூஜ்யம் என்றால் எஸ்ஸோ நியூட்ரலோ நடுவில் அறுந்திருக்கிறது. போர்டைத் தொடவே வேண்டாம்.

கேபிள் முழுக்கச் சரி, அவுட்டோர் டெர்மினலில் எல்லுக்கும் என்னுக்கும் 230 வருகிறது, ஆனாலும் அவுட்டோர் போர்டில் எல்இடி எரியவில்லை என்றால் அடுத்த கட்டம். இதை வீட்டில் செய்ய வேண்டாம். உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 310 வோல்ட் டிசிக்கு மேல் தேங்கி நிற்கும், எல்இடி அணைந்த பிறகும் நிற்கலாம். வேலை தெரிந்தவர் பார்க்கும்போது அவர் இவற்றைப் பார்க்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் மெயின் ஃபியூஸ். பிறகு ரியாக்டர் காயில் (சப்ளை வழியில் தொடராக நிற்கும் கனமான காயில்): அது ஏறக்குறைய பூஜ்ய ஓம்ஸ் காட்ட வேண்டும், அதன் கனெக்டர் கருகி விலகினால் போர்டுக்குச் சப்ளையே ஏறாது. பிறகு மாறுமின்னை டிசி ஆக்கும் பிரிட்ஜும், கம்ப்ரசரை ஓட்டும் ஐபிஎம் மாட்யூலும். ஐபிஎம் ஷார்ட் ஆனால் தொடக்கத்தில் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் பிடிசி சூடேறி அடைத்துக்கொள்ளும், டிசி ஏறவே ஏறாது, இண்டோரில் தெரிவதோ கம்யூனிகேஷன் எரர்.

அவுட்டோர் டிசி ஃபேன் மோட்டாரை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். மோட்டாருக்குள் ஷார்ட் ஆனால் போர்டின் 15 வோல்ட் சப்ளையையே கீழே இழுத்துவிடும், புராசசர் எழாது. சப்ளையை நிறுத்தி, கெப்பாசிட்டர் இறங்கியதை மீட்டரில் உறுதிசெய்து, ஃபேன் கனெக்டரைக் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்தால் எல்இடி எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரிந்தால் மோட்டார் போயிருக்கிறது. அந்த நிலையில் புது போர்டு போட்டால் புது போர்டும் எழாது. கேஸ் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பான்ஷன் வால்வின் காயிலுக்கும் இதே சோதனை.

சிக்னல் பகுதி மட்டும் கெட்டிருந்தால் முழு போர்டை மாற்றத் தேவையில்லை. சப்ளை தரும் கனமான ரெசிஸ்டர் ஓப்பன் ஆவது, ஜீனர் ஷார்ட் ஆவது, ஆப்டோ கெடுவது, இவைதான் வழக்கம். நாலு கால் ஆப்டோவில் எல்இடி பக்கம் டையோடு ரேஞ்சில் ஏறக்குறைய 1 முதல் 1.2 வோல்ட் காட்ட வேண்டும்; எதிர்ப்பக்கம் ஷார்ட் காட்டக் கூடாது. சில பத்து ரூபாய்ப் பொருட்கள்.

---

எர்த்பிட்_கடலூர்

சில விஷயங்கள் விட்டுப்போயிருக்கின்றன.

நியூட்ரலும் சிக்னலின் திரும்பும் வழிதான் என்று ஆப்டோகப்ளர் சொன்னார். அதனால் இண்டோரில் எல், என் எப்படிக் கட்டியிருக்கிறதோ அவுட்டோரிலும் அப்படியே இருக்க வேண்டும். நடு ஜாயின்டில் நிறம் மாறி எல்லும் என்னும் இடம் மாறிவிட்டால் அவுட்டோருக்கு 230 போகும், எல்இடி எரியும், பேச்சு மட்டும் நடக்காது. மீட்டரில் எல்லுக்கும் என்னுக்கும் பார்த்தால் இந்தத் தப்பு தெரியவே தெரியாது. எர்த்தை வைத்து இரு முனையிலும் பாருங்கள்: எல்லுக்கும் எர்த்துக்கும் 230 பக்கம், என்னுக்கும் எர்த்துக்கும் சில வோல்ட்டுக்குள். என்னுக்கும் எர்த்துக்கும் 20, 30 என்று காட்டினால் வீட்டு நியூட்ரலோ எர்த்தோ சரியில்லை, அதை முதலில் சரிசெய்யுங்கள். எல்லும் எஸ்ஸும் இடம் மாறினால் இன்னும் மோசம், சில போர்டுகளில் சிக்னல் பகுதி எரிந்துவிடும். கேபிளைக் கழற்றி மாட்டும்போது நிறத்தை நம்பாமல் கன்டினியூட்டி (ஒரே வயரின் இரு முனைதானா என்று) பார்த்து மாட்டுங்கள்.

ஒரே மொட்டை மாடியில் இரண்டு அவுட்டோர் இருக்கிறதா? சர்வீசுக்குக் கழற்றி மாட்டும்போது இரண்டின் கேபிளும் மாறிப்போய், இரண்டு ஏசியிலும் கம்யூனிகேஷன் எரர் வந்து, நாலு போர்டுக்குக் கொட்டேஷன் போனதைப் பார்த்திருக்கிறேன். பழுது என்று ஒன்றுமே இல்லை.

எரர் எண் பற்றியும் ஒரு வார்த்தை. ஈ1 என்றால் எல்லாருக்கும் கம்யூனிகேஷன் அல்ல. மிடியா வகை போர்டில் அப்படி. கிரீயில் ஈ1 என்பது ஹை பிரஷர், கம்யூனிகேஷனுக்கு ஈ6. டைகினில் யூ4, பானசோனிக்கில் எச்11, எல்ஜியில் சிஎச்05. கேள்வி கேட்டவர் மேனுவல் பார்த்துச் சொல்லியிருக்கிறார், நல்லது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டுத் தேடுங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்கள் டெர்மினல் ஸ்க்ரூவையும் பாருங்கள். உப்புக்காற்றில் ஸ்க்ரூவும் வாஷரும் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, இறுக்கமாக இருப்பது போல் தெரிந்தும் உள்ளே தொடர்பு இருக்காது. எறும்பும் பல்லியும் எல்லா ஊரிலும் உண்டு. அவுட்டோர் போர்டில் ஃபியூஸ் போயிருந்தால் பிரிட்ஜ் பக்கம் செத்த பல்லி கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த ஃபியூஸைப் போடச் சொல்லுங்கள்.

---

மாடிவீடு_திருச்சி

மூவருக்கும் நன்றி. மழை விட்டதும் அளந்தேன். முடிவுகள்:

ஓடும்போது டிசியில் எஸ், என் இடையே: இண்டோர் முனையில் 0 முதல் 20 சொச்சம் வரை ஏறி இறங்குகிறது. அவுட்டோர் முனையில் 6, 7 வோல்ட்டில் சோம்பலாக நிற்கிறது. பிறகு ஈ1.

நாலு வயரையும் கழற்றிய பின்: எல், என் சேர்த்தால் மீட்டர் முனை கழித்து 0.3 ஓம்ஸ். எஸ், என் சேர்த்தால் 40க்கும் 300க்கும் இடையே ஆடுகிறது. முறுக்கைப் பிரித்த பிறகு எஸ், என் இடையே ஓப்பன் வரவில்லை, 18 கிலோ ஓம்ஸ் காட்டியது. கைப்பிடிச் சுவர் வளைவில் டேப் புடைப்பு இருந்தது. அந்த இடத்தை அசைத்தால் எண் துள்ளுகிறது. டேப்பைப் பிரித்தால் நாலு வயரும் ஒரே இடத்தில், ஒன்றையொட்டி ஒன்றாக முறுக்கிய ஜாயின்ட். எஸ் வயர் செம்பு கறுத்து, முறுக்கின் ஓரத்தில் பச்சைப் பொடி. டேப்புக்குள் தண்ணீர் தேங்கியிருந்தது.

எல், என் சரியான இடத்தில்தான் இருக்கின்றன, என்னுக்கும் எர்த்துக்கும் 2 வோல்ட். மாடியில் அவுட்டோர் ஒன்றுதான்.

சோதனைக்காக, எம்சிபி இறங்கிய நிலையில், எலக்ட்ரீஷியனை வைத்து ஜன்னல் வழியாக ஒரு புது 4 கோர் கேபிளைத் தற்காலிகமாக இழுத்து இரு முனையிலும் மாட்டினோம். பழைய கேபிளின் முனைகளைத் தனியாக மூடிவிட்டோம். எரர் இல்லை, கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடுகிறது. இனி நிரந்தரமாக எந்தக் கேபிள், எப்படிப் போட வேண்டும்? பழைய ஜாயின்டையே வெட்டிச் சரிசெய்தால் போதுமா?

---

மெக்கானிக்_நெல்லை

18 கிலோ ஓம்ஸ், அதோட எஸ் வயர்ல 300 ஓம்ஸ் வரைக்கும் ஆட்டம். எரர் வர இதுல ஒண்ணு போதும், உங்களுக்கு ரெண்டும் இருந்திருக்கு. போர்டு ரெண்டும் நல்லா இருக்கு.

ஜாயின்டை வெட்டிச் சேர்க்க வேண்டாம். தண்ணி ஏறின இடத்துல செம்பு இழை உள்ள ரெண்டு மூணு அடி தூரம்கூடக் கறுத்திருக்கலாம், கொஞ்சம் வெட்டினா பளபளன்னு செம்பு வராது. முழு நீளத்துக்கும் நடுவுல ஜாயின்ட் இல்லாத ஒரே கேபிள் வாங்குங்க. 4 கோர் ஃபிளெக்சிபிள் காப்பர், ஐஎஸ்ஐ முத்திரை. உங்க மாடல்ல இண்டோர் வழியாத்தான் அவுட்டோருக்கு சப்ளை போகுது, 1.5 டன்னுக்கு 9 மீட்டர் தூரத்துக்கு 1.5 ஸ்கொயர் தாங்கும். நான் 2.5 போடச் சொல்வேன், மொட்டை மாடி வெயில்ல கேபிள் சூடாவும் இருக்கும், கோடையில வோல்டேஜும் குறையும். மேனுவல்ல அளவு போட்டிருந்தா அதுக்குக் குறையாம வாங்குங்க. நாலு கோரும் நாலு நிறமா இருக்கட்டும்.

பைப் டேப்புக்குள்ள திரும்பச் சுருட்ட வேண்டாம். வெளிச்சுவர்ல தனியா பிவிசி கன்டியூட் போட்டு அதுக்குள்ள விடுங்க. அணிலும் எலியும் கடிக்கிறதுக்கும் அதுதான் தடுப்பு. சுவர்த் துளை வெளிப்பக்கம் சரிவா இருக்கணும், புட்டி வெச்சு அடைக்கணும். அவுட்டோர் டெர்மினலுக்குள்ள நுழையுற முன்னாடி கேபிளை ஒரு வளைவு கீழ இறக்கி மேல ஏத்துங்க. கேபிள் வழியா வழியுற தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும், டெர்மினலுக்குள்ள போகாது.

முனையில லக் (உலோக முனை) போட்டு கிரிம்ப் பண்ணணும், அதாவது அழுத்தி நசுக்கிப் பிடிக்க வைக்கணும். இழை வயரை ஈயம் வெச்சு கெட்டியாக்கி ஸ்க்ரூல மாட்டுறாங்க, அது வேண்டாம். ஈயம் அழுத்தத்துல மெல்ல நசுங்கும், கொஞ்ச மாசத்துல ஸ்க்ரூ லூஸாகி அங்க சூடேறும். அப்ப வர்ற எரர், கம்ப்ரசர் வேகம் ஏறும்போது வர்ற வகை. கேபிளை இழுத்தா ஸ்க்ரூ மேல பாரம் வராத மாதிரி கிளாம்பையும் இறுக்கிடுங்க.

கேபிள் மாட்டினதும் ரெண்டு முனையிலயும் எஸ், என், எல், எர்த் கன்டினியூட்டி பார்த்துட்டு எம்சிபியை ஏத்துங்க. ஓடிக்கிட்டு இருக்கும்போது அவுட்டோர் டெர்மினல்ல எல், என் வோல்டேஜ் பாருங்க, கம்ப்ரசர் முழு வேகத்துல இருக்கும்போது இண்டோர் டெர்மினல்ல இருக்கிறதைவிட ரெண்டு வோல்ட்டுக்கு மேல குறையக்கூடாது. குறைஞ்சா ஏதோ ஒரு ஸ்க்ரூ சரியா உக்காரலை.